துணி ஃபில்டரும் மாமாவின் 1210-ம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்ககிரியிலிருந்து மாமா பையன் போன் பண்ணினான். 2012 மாடல் லாரி ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருக்கிறான். பி.எஸ். 3 வண்டி, கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய ஜாதி இன்லைன் பம்பு. "மாப்ள, புல்லிங்கே இல்ல. தொப்பூர் ஏத்தத்துல ரெண்டாவது கியருக்கு வந்துருது. பம்ப கொஞ்சம் ஏத்தி விட்டு, நாசிலையும் பெருசா மாத்திரலாம்னு ஃபிட்டர் சொல்றாரு. நீ லாரி பொறந்த ஊர்லயே இருக்கியே, கேட்டு சொல்லு" என்றான்.

லாரி பிறந்த ஊர் என்றால் ஜாம்ஷெட்பூர். இங்கே வந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஆதித்யபூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனால் பம்பு, நாசில் என்ற வார்த்தைகளைக் கேட்டாலே எங்கள் வீட்டில் ஒரு பழைய கணக்கு ஞாபகத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பம்பின் கதை.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அதில் இன்று நாம் சொல்லும் பம்பு கிடையாது. அமுக்கிய காற்றைக் கொண்டு எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளினார்கள். அந்தக் காற்றுக்குத் தனியாக ஒரு கம்ப்ரெசர். இன்ஜினே ஒரு வீடு மாதிரி, அதன் பக்கத்தில் கம்ப்ரெசர் ஒரு திண்ணை மாதிரி. கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் சரி, லாரியில் எங்கே வைப்பது? 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் டீசல் காணாமல் போனார். லாரியில் தன் இன்ஜின் ஊர் ஊராக ஓடியதை அவர் பார்க்கவே இல்லை.

டீசல் இன்ஜின் லாரிக்குள் ஏறியது 1920-களில்தான். ராபர்ட் பாஷ் கம்பெனி 1922 வாக்கில் இதில் இறங்கி, 1927-ல் இன்ஜெக்ஷன் பம்பை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. விஷயம் எளிமையானது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன உருளை, அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிளஞ்சர். இந்த ஜோடியைத்தான் நம் ஊரில் 'எலிமென்ட்' என்கிறார்கள். பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு பள்ளம். ராக் என்ற பல்சட்டம் பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பினால், சாய்வின் வேறு இடம் துவாரத்துக்கு நேராக வரும், உள்ளே போகும் எண்ணெயின் அளவு மாறும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கவர்னர் வழியாகக் கடைசியில் நடப்பது இந்தத் திருகல்தான்.

இதில் எனக்கு ஆச்சரியம், பிளஞ்சருக்கும் உருளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. சில மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். வாஷர், சீல் எதுவும் கிடையாது. இரும்புக்கு இரும்பு, நடுவில் டீசலே எண்ணெய்ப் படலம். அதாவது டீசல் எரிபொருள் மட்டுமில்லை, எலிமென்டுக்கு லூப்ரிகேஷனும் அதுதான். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி, ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், கீறல் விழுந்துவிடும்.

இந்தியாவுக்கு வருவோம். சுதந்திரத்தின்போது இங்கே ஓடிய லாரிகளில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், பெட்ஃபோர்டு. பெட்ரோல் லாரியை வாங்கி, அதன் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெர்கின்ஸ் பி-6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை மாட்டிக்கொள்வது அந்தக் காலத்தில் பரவலாக நடந்தது. அந்த பி-6 இன்ஜினை 1950-களில் லைசன்ஸ் வாங்கித் தயாரித்தது நம் சென்னை மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி. பழைய வண்டிக்குப் புது எரிபொருள் ஏற்பாடு என்று இன்று பேசுகிறோமே, நம் நாட்டில் அதற்கு எழுபது வயசாகிறது!

ஜாம்ஷெட்பூரில் ரயில் இன்ஜின் செய்வதற்காக 1945-ல் ஆரம்பித்த டெல்கோ, 1954-ல் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு அதே வருஷம் லாரியை வெளியே அனுப்பியது. முகப்பில் பென்ஸ் நட்சத்திரம், உள்ளே ஓஎம்-312 இன்ஜின். 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. எங்கள் மாமா மாதிரி ஆட்கள் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் 'பென்ஸு வண்டி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெயர்களில் ஒரு கணக்கு இருக்கிறது. 1210 என்றால் 12 டன் மொத்த எடை, சுமார் 100 குதிரைசக்தி. 1612 என்றால் 16 டன், 120. இன்ஜினுக்கும் அப்படித்தான். 692 என்றால் 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். 697 என்றால் 97 மில்லிமீட்டர். கிளீனர் பையன்கள்கூட இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

பம்புக்கு பெங்களூர். 1951-ல் அங்கே 'மைகோ' ஆரம்பித்தது, பாஷின் கூட்டோடு. 2008-ல் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் இன்றுவரை ஹைவே ஓரக் கடைகளில் 'மைகோ பம்பு' என்றே கேட்கலாம். மைகோ வந்ததால் ஊருக்கு ஊர் ஒரு புதுத் தொழிலும் வந்தது. பம்பு நாசில் கடை. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போனால் தெரியும். கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் டெஸ்ட் பெஞ்ச். பம்பை அதில் பூட்டி ஓட்டி, ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஒரே அளவாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். சரி செய்தபின் அதிகபட்ச அளவு ஸ்க்ரூவுக்கு ஈய சீல் வைப்பார்கள். மற்ற ஒர்க்‌ஷாப்பில் தரையெல்லாம் கறுப்பு ஆயிலாக இருக்கும், அந்த அறையில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகணும். சின்ன வயதில் எனக்கு அது கோயில் மாதிரி இருக்கும்.

இப்போது மாமா கதை.

மாமா 1985-ல் ஒரு 1210 வாங்கினார். 1979 மாடல், இரண்டு கை மாறிய வண்டி. அத்தையின் நகை கொஞ்சம், ஃபைனான்ஸ் மீதி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர் பக்கம் போகும், வரும்போது கிடைத்த லோடு. டிரைவர் ஓமலூர்ப் பக்கத்துக்காரர். எனக்கு நாக்பூர் ஆரஞ்சு கொண்டுவந்து தருவார் என்பதால் நல்லவர் என்பது என் தீர்ப்பு.

ஒரு வருஷத்தில் வண்டி கறும்புகை தள்ள ஆரம்பித்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தது மூன்றுக்கு வந்தது. சூடான பிறகு நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. மாமா ஒரே முடிவுக்கு வந்தார்: டிரைவர் வழியில் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறார். அந்தக் காலத்தில் அது நடக்காத விஷயமும் இல்லை. வீட்டு வாசலில் வைத்து, பத்துப் பேர் பார்க்க, சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பினார். அந்த மனிதர் சத்தியம் பண்ணினார், அழுதார். புது டிரைவர் வந்த மூன்றாவது டிரிப்பில் நாக்பூருக்கு முன்னாலேயே பம்பு ஜாம். ஒன்பது நாள் வண்டி ரோட்டோரம் நின்றது. தவணை தப்பி, கடைசியில் வண்டியே கைவிட்டுப் போனது.

மண்ணெண்ணெய்க் கலப்பு எவ்வளவு பெரிய வியாதி என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டாம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதே அதனால்தான். 2005 வாக்கில் அது லிட்டர் 9 ரூபாய், டீசல் 30 ரூபாயைச் சுற்றி. இந்த வித்தியாசத்துக்காக அந்த வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில் இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தைக் கொன்றார்கள். கோலார் தங்கவயலில் பிறந்தவர், லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர், வயது 27. கலப்பட பங்க்குக்கு சீல் வைத்தது அவர் செய்த குற்றம். மண்ணெண்ணெய் மெலிசு. எலிமென்டுக்கு வேண்டிய வழவழப்பு அதில் இல்லை. நாளாக ஆக பிளஞ்சர் தேய்ந்து கசியும்.

ஆகவே மாமாவின் சந்தேகம் முட்டாள்தனமில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது.

அந்த வண்டிகளில் இரண்டு ஃபில்டர் வரிசையாக இருக்கும். முதலில் துணி ஃபில்டர், அப்புறம் பேப்பர் ஃபில்டர். துணி பெரிய அழுக்கைப் பிடிக்கும், கழுவிப் போடலாம். பேப்பர் பொடியைப் பிடிக்கும், மாற்றத்தான் வேண்டும். துணி அடைத்துக்கொண்டால் டீசல் வரத்து குறையும், ஏற்றத்தில் இழுக்காது. இதற்குச் சிலர் ஒரு சுலப வழி கண்டுபிடித்தார்கள்: துணியைக் கழற்றி எறிந்துவிடுவது. உடனே வண்டி துள்ளி ஓடும். ஆனால் முழு அழுக்கும் பேப்பருக்கு வரும், அது சீக்கிரம் தளர்ந்து கிழியும், பிறகு எலிமென்ட், பிறகு நாசில். நாசில் நுனி தேய்ந்தால் புகைமூட்டமாகத் தூவாமல் சொட்டும். சொட்டுகிற டீசல் சரியாக எரியாது. கறும்புகை, மைலேஜ் வீழ்ச்சி. எலிமென்ட் தேய்ந்தால், சூட்டில் டீசல் இன்னும் மெலிசாகி இடுக்கு வழியாக நழுவிவிடும், ஸ்டார்ட் ஆகாது. மாமா வண்டியின் ஒவ்வொரு நோயும் இதில் அடங்குகிறது.

துணியைக் கழற்றியது மாமாதான். எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் துணியை எடுத்துப்போய் என் சைக்கிள் துடைத்தேன். அது என்ன துணி என்று புரிய எனக்கு இருபது வருஷமும் இந்த வேலையும் தேவைப்பட்டது. பழைய பம்பு ஒன்றைப் பிரித்து, பிளஞ்சரில் நெடுக்குக் கீறல்களை பூதக்கண்ணாடியில் பார்த்த அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் மாமா காலமாகிவிட்டார். டிரைவரைத் தேடி ஓமலூர்ப் பக்கம் ஒருமுறை விசாரித்தேன். குடும்பம் எங்கோ போய்விட்டது என்றார்கள்.

சரி, மாப்பிள்ளைக்கு வருவோம். அவனிடம் ஒன்று சொன்னேன்: சீலை உடைக்காதே. சீலை உடைத்து அளவை ஏற்றினால் புல்லிங் வரும், உண்மைதான். கூடவே கறும்புகை வரும், சைலன்சர் சூடு ஏறும், லோடோடு ஏற்றம் ஏறும்போது பிஸ்டன் தலை உருகும். உள்ளே போகிற காற்று அதேதானே, டீசலை மட்டும் கூட்டி என்ன பண்ண? முதலில் டேங்க் டிரெயின் பிளக்கைத் திற. வாட்டர் செபரேட்டரைத் திற. இரண்டு ஃபில்டரும் புதுசு போடு, அதுவும் நல்ல கடையில் வாங்கியது. லைனில் பாஞ்சோ போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு, கைப்பம்பு அடித்து ஏர் எடு. ஃபீட் பம்பு சரியாகத் தள்ளுகிறதா பார். ஏர் ஃபில்டரையும் பார், பாதிப் புகை அங்கேதான். அதற்கும் மசியாவிட்டால் ஆறு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் அடித்துப் பார்க்கச் சொல். பம்பு பெஞ்ச் கடைசியில்தான்.

உண்மையிலேயே உதவுகிற 'அப்கிரேட்' வேண்டுமென்றால் கண்ணாடிக் கிண்ணம் வைத்த பெரிய வாட்டர் செபரேட்டர் ஒன்று மாட்டிக்கொள்ளட்டும். டீசலும் இப்போது பழைய டீசல் இல்லை. 1990-களில் நம் டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை, அதாவது 10,000 பிபிஎம், அனுமதி. 2010-ல் நாடு முழுக்க 350, 2017-ல் 50, 2020 ஏப்ரலிலிருந்து 10. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கை வழவழப்பும் போய்விடுகிறது, அதைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே மருந்து கலந்து ஈடு செய்கிறார்கள். எனவே பாட்டிலில் விற்கிற 'பம்பு டானிக்' வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. இன்லைன் பம்பில் கேம் பக்கம் இன்ஜின் ஆயிலில் ஓடுவதால் அது இன்னும் கொஞ்சம் பொறுக்கும். காமன் ரெயில் வண்டி பொறுக்காது. 1,600 பார் அழுத்தம், எல்லாமே டீசலில்தான் வழுக்கி ஓடுகிறது. தண்ணீர் புகுந்தால் பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் சேர்ந்து போகும்.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. டேங்கிலிருந்து ஒரு சொம்புக்குமேல் தண்ணீர், அடியில் துரு. பேப்பர் ஃபில்டர் தார் மாதிரி. ஃபில்டர் மாற்றியதிலேயே தொப்பூரில் மூன்றாவது கியரில் ஏறியதாம். ஆனால் நாசில் இரண்டு சொட்டுகிறது, சேலத்தில் கொடுத்திருக்கிறான்.

"இன்னொண்ணு மாப்ள, முதல் ஃபில்டர் கிண்ணத்தத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. வித்தவன் கழட்டிருக்கான். இப்படிக்கூடவா பண்ணுவாங்க?" என்றான்.

அப்போதுதான் அவனிடம் அந்த சைக்கிள் துடைத்த துணியைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அந்த டிரைவர் அண்ணனுக்கு ஒரு பையன் இருந்தான்ல, நம்ம வயசுல? பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.