கஷ்ட காலமும் பொது ஸ்தாபனங்களும்

உலகில் எத்தொழிலுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆயினும் ஒரு பொழுது பெய்யும் மழைக்கு ஒரு மாதத்து உழைப்பைப் பறிகொடுக்கும் தொழில் உப்புத்தொழிலைப்போல் வேறொன்று காண்பதரிது. மரக்காணம் கரையோரத்து மக்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தை, மாசியில் பாத்தி திருத்தி, உவர்நீரைத் தேக்கி, வெயிலில் முறுகவிட்டு, வெண்மணிகளாக வாரிக் குவித்து, கீற்றால் மூடி வைத்த செல்வம், ஐப்பசி, கார்த்திகை மழை வருமுன் விலைபோகவேண்டும். விலை போகாதாயின், அல்லது புயல் முந்திக்கொள்ளுமாயின், அடுத்த தைவரை அடுப்பெரிவதே அரிதாகும். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு கரையைக் கடந்த பெஞ்ஜல் புயலும், அதனோடு வந்த பெருமழையும் இக்கரையையும் விழுப்புரம் ஜில்லாவையும் பட வைத்த பாடு நம்மவர் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

இத்தகைய காலங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுவதுண்டு. "சோற்றுக்கே வழியில்லாதபோது சங்கத்துக்குச் சந்தா எதற்கு? இரவுப் பாடசாலைக்கும் வாசகசாலைக்கும் கொடுப்பதை இவ்வாண்டு நிறுத்தி வைப்போம், நல்ல காலம் வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்பதே அப்பேச்சு. இதைச் சொல்பவர் கெட்ட எண்ணத்தால் சொல்கிறாரில்லை. வீட்டில் பசித்திருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். ஆகையால் அவரைக் கடிந்து பேசுவது தகாது. சரித்திரத்தைக் காட்டி விடை கூறுவதே தகும். கஷ்ட காலத்தில் நம் முன்னோர் பொது ஸ்தாபனங்களை எவ்விதம் காத்தனர், எவை நிலைத்தன, நிலைத்ததற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலில் நமது கரையின் பழமையைச் சிறிது நினைவு கூர்வோம். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய துறைமுகமாகக் கூறப்படும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொள்கை. இங்குள்ள பூமீசுவரர் ஆலயம் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களை உடையது. உப்பு விளையும் இடங்களை அளம் என்றும் பேரளம் என்றும் வழங்கியது அக்காலத்துக் கல்வெட்டு வழக்கு. அக்காலத்து ஆலயம் வழிபடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. ஊர்ச்சபை கூடும் இடமாகவும், நெல்லும் பொன்னும் கடனாகக் கிடைக்கும் இடமாகவும், கலை வளர்க்கும் இடமாகவும் விளங்கிற்று. அத்தகைய ஸ்தாபனத்தைப் பஞ்சத்திலும் அணையாமல் காக்க அவர்கள் கண்ட உபாயம் மிகவும் கவனிக்கத் தக்கது.

ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால், நாளொன்றுக்கு உழக்கு நெய்க்கென்று 90 அல்லது 96 ஆடுகளை ஓர் இடையனிடம் ஒப்புவிப்பது வழக்கம். அவன் மந்தையின் பலனை அனுபவிக்கலாம். ஆனால் ஆட்டின் தொகை குறையலாகாது. இறந்தவற்றிற்கும் கிழமானவற்றிற்கும் ஈடாகக் குட்டிகள் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே "சாவா மூவாப் பேராடு" என்று கல்லிலே வெட்டினர். இதில் அடங்கிய தத்துவம் பெரிது. கொடுத்தவர் இறந்தாலும், அவர் குடும்பம் நொடித்தாலும், விளக்கு அதை நம்பியிருக்கவில்லை. தர்மம் தனக்குரிய முதலைத் தானே பெருக்கிக்கொண்டது. முதலைத் தொடாமல் பலனை மாத்திரம் செலவிடுவது என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற முதற் பாடம்.

இனி நமது காலத்துக்கு அணித்தான நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1805-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். அன்றுமுதல் விளைவித்தவன் தன் விளைவைத் தன் இஷ்டப்படி விற்க வழியில்லாமற் போயிற்று. அதன் மேல் 1876 முதல் 1878 வரை தாது வருஷத்துப் பெரும் பஞ்சம் வந்தது. இலக்ஷக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். 1877-ல் நிவாரண வேலைகளில் ஓர் ஆண் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமே கூலி என்று விதிக்கப்பட்டிருந்த காலமும் உண்டு. அப்பஞ்சத்தில் வயிற்றுக்காக மண் சுமந்தவர்களே சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை வெட்டினர். அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று வழங்கும் அந்நீர்வழி, ஆந்திர நாட்டிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் வந்து முடிவது நமது மரக்காணத்திலேதான். நம் ஊர் உப்பும் விறகும் தோணியேறிச் சென்னைக்குச் சென்றது அவ்வழியே.

அதே பஞ்சகாலத்தில், அதே பழைய தென்னாற்காடு ஜில்லாவில், வேறொரு காட்சியும் நடைபெற்றது. 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க அடிகளார் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். முந்திய ஆண்டையொட்டிய பஞ்சத்தில் ஏழைகள் பட்ட துயரம் மாறாத நேரம் அது. அதற்கு நிலம் தந்தவர் ராஜாக்கள் அல்லர், ஜமீன்தார்கள் அல்லர். பார்வதிபுரத்து ஊரார் பலர் கூடி, தத்தம் நிலத்தில் ஒரு பாகமாக 80 காணியை எழுதிக் கொடுத்தனர். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அடிகளார் 1874-ம் ஆண்டு ஜனவரியில் மறைந்த பிறகு மூன்றாண்டிற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஸ்தாபகரும் இல்லை, நாட்டில் மழையும் இல்லை. எனினும் அடுப்பு எரிந்தது. ஒரு பெருஞ்செல்வரை நம்பியிருந்தால் அவரோடு அது முடிந்திருக்கும். பலருடைய சிறு பாகத்தால் அமைந்தமையால், ஒருவர் தளர்ந்தாலும் மற்றவர் தாங்கினர். இஃது இரண்டாம் பாடம்.

மூன்றாவது உதாரணம் தெற்கேயுள்ளது. சிவகாசி, விருதுபட்டி முதலிய ஊர்களில் வர்த்தகம் செய்த நாடார் சமூகத்தார் மகமை என்று ஓர் ஏற்பாட்டை நெடுங்காலம் நடத்தி வந்தனர். வாங்கும் சரக்கிலும் விற்கும் சரக்கிலும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை பொதுநிதிக்குச் சேரும். வண்டிப்பேட்டை, கிணறு, கோயில், பாடசாலை யாவும் அந்நிதியிலிருந்து நடைபெற்றன. வரவு செலவு உறவின்முறையாரின் கூட்டத்தில் வாசிக்கப்படும். இந்நிதியைக் கொண்டே 1885-ம் ஆண்டில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதன் வாயில் திறந்திருந்தது. வியாபாரம் இல்லாத குடும்பங்களும் இக்கைங்கரியத்திற் பங்குகொள்ளும்பொருட்டுப் பிடியரிசி என்னும் முறையும் கையாளப்பட்டது. உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இடுவது குடும்பத் தலைவியின் கடமை. கலயம் நிரம்பியபின் அது பாடசாலைக்குப் போகும். அப்பாடசாலையிற் படித்த சிறுவர்களில் ஒருவரே பிற்காலத்தில் முதன்மந்திரியாகி ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவுத் திட்டத்தை நாடெங்கும் பரப்பிய காமராஜர் என்பதை நினைக்குங்கால், ஒரு பிடி அரிசி எவ்வளவு தூரம் நடந்து செல்லும் என்பது விளங்கும்.

மகமையின் நுட்பத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அது ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று விதித்த வரியன்று. வியாபாரம் பெருகினால் மகமையும் பெருகும். வியாபாரம் சுருங்கினால் அதுவும் தானாகவே சுருங்கும். கஷ்ட காலத்தில் கொடுப்பவன் கழுத்தை அது நெரிப்பதில்லை. நல்ல காலத்தில் அவன் மறந்துபோகவும் விடுவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று கையேந்தும் நன்கொடைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. நன்கொடை மனம் கனியும்போது வரும். மகமையோ மூட்டை நகரும்போதெல்லாம் வரும்.

பெரிய சோதனை 1929-ம் ஆண்டுக்குப்பின் வந்தது. அமெரிக்காவில் தொடங்கிய வியாபார மந்தம் உலகெங்கும் பரவி, சில ஆண்டுகளில் நம் ராஜதானியில் நெல் விலையை ஏறக்குறையப் பாதியாக்கிற்று. பர்மாவிலும் மலாய் நாட்டிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர் பலர் பெரும் நஷ்டமுற்றனர். கடன் பத்திரங்கள் ஏட்டில் உறங்கின. 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி முறிந்தபோது தென்னாட்டில் பாங்கி என்ற சொல்லைக் கேட்டே ஜனங்கள் நடுங்கினர். எனினும் 1921-ல் தூத்துக்குடியில் நாடார் மகாஜன சங்கத்தாரின் முயற்சியால் தோன்றிய நாடார் பாங்கி அப்புயலுக்குத் தப்பி நின்றது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கி எனப் பெயர் மாறி இன்றும் நடைபெறுகின்றது.

1904-ம் ஆண்டின் சட்டத்தையொட்டி நம் பக்கத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் எழுந்த கூட்டுறவுக் கடன் சங்கமும், அதே ஆண்டில் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இவ்வகையைச் சேர்ந்தவையே. தனித்தனியே கந்துவட்டிக்காரன் வாசலில் நின்ற மக்கள், தங்களுக்குத் தாங்களே ஜாமீனாக நிற்கக் கற்றது அங்கேதான்.

உப்பின் சரித்திரத்திலும் இதற்கொரு சாட்சி உண்டு. 1923-ல் மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்து, மறு ஆண்டே 1 ரூபாய் 4 அணாவாகக் குறைந்த உப்பு வரி, ஏழையின் கஞ்சிக்கும் விதித்த வரியாக இருந்தது. 1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் வேதாரணியம் நோக்கி நடந்தனர். அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊரார் என்ன செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர். அதுவோ விலைகள் வீழ்ந்துகொண்டிருந்த காலம். கொடுத்தவர்களும் செல்வர்கள் அல்லர். வரி 1947-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஒழிந்தது. கொடுக்கும் மனமுடையார்க்குக் கொடுக்க வழி கிடைக்காமற் போவதில்லை என்பதற்கு அம்மரக்கிளைகளே சான்று.

இவ்வளவும் சொன்னது பழம்பெருமை பேசுவதற்கன்று. நமது கரையின் இன்றைய நிலைக்கு இவற்றால் யாது பயன் என்பதே கேள்வி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பு விளையாத மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அளிக்கும் திட்டத்தை அரசாங்கத்தார் 2022-ம் ஆண்டில் தொடங்கினர். அது நன்றியோடு ஏற்கத் தக்கதே. ஆயினும் மூன்று மாதத்து வீட்டுச்செலவுக்கு அது போதாது என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். அரசாங்கத்தின் உதவி வயிற்றுக்கு ஒருவாறு வரலாம். பிள்ளைகளின் மாலைப் பாடத்துக்கும், வாசகசாலையின் விளக்குக்கும், திடீரென நேரும் சாவுச் செலவுக்கும் யார் வருவார்? ஊர் ஸ்தாபனமே வரவேண்டும். வயிறு காய்ந்த காலத்தில் அதை மூடிவிட்டால், அது மிகவும் தேவைப்படும் காலத்திலேயே அதை இழந்தவராவோம். ஒருமுறை மூடிய பாடசாலையைத் திறப்பது, புதிதாக ஒன்றைக் கட்டுவதினும் கடினம். ஆசிரியர் வேறிடம் போய்விடுவார். பிள்ளைகளோ அளத்துக்குப் போய்விடுவார்கள். அளத்துக்குப் போன பிள்ளை திரும்பிப் பலகைக்கு வந்ததை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

ஆகவே அடியேன் சங்கத்தாரின் முன் பணிவுடன் வைக்கும் யோசனைகள் இவை. முதலாவது, சந்தாவை ஆளுக்கு இத்தனை என்று வைப்பதைவிட, விற்பனையாகும் மூட்டைக்கு ஒரு சிறு மகமையாக வைத்தால் கஷ்ட ஆண்டில் எவருக்கும் பாரமாகாது. இரண்டாவது, சொந்த அளமில்லாத கூலிக் குடும்பங்களை அதிற் கட்டாயப்படுத்தலாகாது. மனமிருந்தால் பிடியரிசியால் அவர்கள் பங்குகொள்ளட்டும். ஒரு பிடி கொடுத்தவருக்கும் ஆயிரம் மூட்டை விற்றவருக்கும் கூட்டத்தில் ஒரே ஆசனமும் ஒரே குரலும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, நல்ல ஆண்டின் வரவில் ஒரு பாகத்தைத் தொடாத முதலாக ஒதுக்கி, அதன் வட்டியை மாத்திரம் மழை மாதங்களிற் செலவிடவேண்டும்; அதுவே நமது சாவா மூவாப் பேராடு. நான்காவது, மாதந்தோறும் வரவு செலவுக் கணக்கை எல்லோரும் காணும்படி சுவரில் ஒட்டவேண்டும். பஞ்சத்தாற் கெட்ட பொது நிதிகளைவிடக் கணக்குக் காட்டாமையாற் கெட்டவை அதிகம்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். தம்மவர்க்கு மட்டும் என்று கதவடைத்த தர்மம் தம்மவரிடையிலேயே குறுகிப்போகும். க்ஷத்திரிய வித்தியாசாலை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. வடலூர் அடுப்பு வருபவரை யாரென்று கேட்பதில்லை. நமது இரவுப் பாடசாலையிலும் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளையும், கூலிக்கு வந்த வெளியூரார் பிள்ளையும் ஒரே விளக்கின்கீழ் அமரட்டும். மழை நம்மெல்லோர் பாத்தியிலும் ஒருங்கே பெய்கிறது.

உப்பு எவ்வாறு உண்டாகின்றது என்பதை நாம் அறிவோம். ஒருநாள் வெயிலில் அது விளைவதில்லை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நீர் வற்றி, கடைசியில் ஒரு காலைப்பொழுதில் பாத்தி வெளுத்துக் கிடக்கிறது. பொது ஸ்தாபனமும் அவ்வாறே சிறுகச் சிறுகத்தான் விளையும். இவ்வாண்டு நம் கையிலிருப்பது குறைவு என்பது மெய்யே. குறைவிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தவர்களாலேயே மேலே கூறியவை யாவும் நிலைத்தன. நாமும் அவ்வாறு செய்வோமாயின், நம் பிள்ளைகள் ஒருநாள் நம்மையும் சரித்திரத்தில் ஒரு வரியாக எழுதுவர். எல்லாம் வல்ல இறைவன் அம்மனத்தை நமக்கு அருள்வானாக.