தட்டைக்குவியா, ஆஸ்ஃபெரிக்கா?

ஒரு மில்லிமீட்டர் சதுரமுள்ள போட்டோடயோடுக்கு முன்னால் 25 மி.மீ. விட்டத்தில் ஒரு லென்ஸை வைத்தால், ஒளியை வாங்கும் பரப்பு ஏறத்தாழ 490 மடங்காகிறது. பூச்சில்லாத கண்ணாடி பரப்புக்குச் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அது போனாலும் 450 மடங்கு மிஞ்சும்.

என் மேசையில் இருக்கும் இரண்டுமே 25 மி.மீ. விட்டம்தான். ஒன்று 50 மி.மீ. குவியத் தூரமுள்ள தட்டைக்குவி லென்ஸ். இன்னொன்று 20 மி.மீ. ஆஸ்ஃபெரிக். தொலைவிலுள்ள எல்.இ.டி.யை நேர்க்கோட்டில் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஒளியைத்தான் தரும். குவியத் தூரம் குறைந்தால் ஒளி கூடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

மாறுவது பார்வையின் அகலம். பத்து மீட்டர் தள்ளி, தட்டைக்குவிக்குத் தெரிவது 20 செ.மீ.; ஆஸ்ஃபெரிக்குக்கு 50 செ.மீ. மேசையை யாராவது லேசாக இடித்தாலும் தட்டைக்குவி குறி தவறிவிடும், ஆஸ்ஃபெரிக் தாங்கிக்கொள்ளும். ஆனால் தூரம் வைப்பதில் கதை தலைகீழ். டயோடு அரை மி.மீ. முன்பின் நகர்ந்தால் தட்டைக்குவியின் ஒளிப்புள்ளி கால் மி.மீ. விரியும், ஆஸ்ஃபெரிக்கில் 0.6 மி.மீ.க்கு மேல்.

தட்டைக்குவியில் இன்னொரு கண்ணி உண்டு. குவிந்த முகம் வெளியே பார்க்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் திருப்பி மாட்டிவிட்டு, பெருக்கியில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்க சர்க்யூட்டைக் குடைந்தேன். சரியாக மாட்டினால் கோளப்பிறழ்ச்சியால் வரும் புள்ளி அரை மி.மீ.க்குள் நிற்கும், திருப்பினால் ஏறக்குறைய நான்கு மடங்காகி டயோடுக்கு வெளியே வழியும்.

கையில் பிடிக்கும் கருவிக்கு ஆஸ்ஃபெரிக், சுவரில் திருகி வைக்கும் ஒளித்தொடர்புக்குத் தட்டைக்குவி என்பது என் கட்சி. அறை முழுதும் பரவிய வெளிச்சத்தை அளக்க இரண்டுமே உதவாது. எல்லாத் திசையிலும் ஒரே சீரான ஒளி இருந்தால், குழலுக்குள் தட்டைக்குவியோடு இருக்கும் டயோடுக்கு, வெறும் டயோடு வாங்குவதில் 16-ல் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆஸ்ஃபெரிக்கோடு ஐந்தில் இரண்டு. அங்கே லென்ஸைக் கழற்றிவிட்டு, பெரிய டயோடைப் போட்டு, அதோடு கூடும் மின்தேக்கத்தால் வேகம் குறைவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.