வண்ணப் பலகையும் மரமணியும்

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், பொருள்களை வகை பிரிப்பது முதலில் கண்ணுக்கும் கைக்குமான வேலை. முதல் வண்ணப் பெட்டியில் ஆறே பலகைகள்: சிவப்பு, மஞ்சள், நீலம், இரண்டிரண்டாக. அளவு ஒன்றே, வடிவம் ஒன்றே; நிறம் மட்டும் வேறு. ஒரு ஜோடியைத் தப்பாகச் சேர்த்தால் கடைசியில் மிஞ்சுவதும் சேராது. டீச்சர் வாய் திறக்கவே வேண்டாம். 1939இல் மாண்டிசோரி அடையாறுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர் என்பதால் இந்தப் பெட்டி நமக்கும் பழக்கம்தான்.

ஜெனீவாவின் உளவியலாளர் ழான் பியாஜே மணிப்பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கேள்வியும் கேட்டார். நிறையப் பழுப்பு மணிகள், இரண்டே வெள்ளை மணிகள். எல்லாமே மரம் என்பதைக் குழந்தையும் ஒப்புக்கொள்கிறது. “மரமணி அதிகமா, பழுப்பு மணி அதிகமா?” ஏழு வயதுக்குக் கீழே பலரும் பழுப்பு என்றார்கள், வெள்ளை இரண்டுதானே இருக்கிறது என்று காரணமும் சொன்னார்கள். நிறம் பார்த்துக் குவிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, குவியல்கள் அடங்கிய முழுமையையும் அதே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வண்ணப் பெட்டி இதைக் காட்டிக்கொடுக்காது.

ஆனால் கேள்வியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. (பெரியவர்களிடம் சட்டென்று கேட்டுப் பாருங்கள்.) ஜேம்ஸ் மக்காரிகிளும் உடன் ஆய்ந்தவர்களும் 1978இல் மூன்று கறுப்பு, ஒரு வெள்ளைப் பொம்மைப் பசுக்களைத் தூங்குவதுபோல் படுக்க வைத்தார்கள். “கறுப்புப் பசு அதிகமா, பசு அதிகமா?” என்பதை “கறுப்புப் பசு அதிகமா, தூங்குகிற பசு அதிகமா?” என்று மாற்றியதும், சரியாகச் சொன்ன பிள்ளைகள் கிட்டத்தட்ட இருமடங்கானார்கள். குறையில் ஒரு பங்கு கேட்டவிதத்தில் இருந்திருக்கிறது.

மூன்று வயதுக்கு நான் மாண்டிசோரி பக்கம். ஐந்து வயதில் அந்தப் பெட்டி போதாது. தையல் மெஷின் அருகே இருக்கும் பட்டன் டப்பாவைக் கொட்டலாம். ஒரே பட்டன் சிவப்பு, பெரியது, நாலு ஓட்டை. எந்தக் குவியலில் போடுவது? தப்பைத் தானே காட்டும் வசதி இங்கே கிடையாது, டீச்சர் பேசியே ஆகவேண்டும். “ஏன் இங்கே வெச்சே?” என்றால், “இது அப்பா சட்டையோடது” என்றுகூடப் பதில் வரும். அதுவும் ஒரு வகைப்பாடுதான். அதற்குத் தப்புப் போடாமல், “சரி, இப்ப ஓட்டையை வெச்சுப் பிரிக்கலாமா?” என்று அடுத்ததைக் கேட்கலாம்.