வராத முடிவுகளைப் படித்தவர்கள்

2006 ஜனவரியில் சீனாவுக்கென்று தனித் தளம் ஒன்றைத் தொடங்கியது கூகுள். சீன அரசுக்கு ஆகாதவற்றைத் தேடல் முடிவுகளிலிருந்து தானே நீக்கிவிடுவதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. தளம் வந்ததுமே பல நாடுகளில் பலரும் ஒரே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அமெரிக்கத் தளத்தையும் சீனத் தளத்தையும் அருகருகே திறந்து, படத் தேடலில் ‘தியானன்மென்’ என்று இரண்டிலும் தட்டினார்கள். ஒன்றில், 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியபோது டாங்கிகளின் வரிசையை மறித்துத் தனியாளாக நின்ற மனிதர் வந்தார். மற்றொன்றில் சதுக்கமும், அதன் கட்டடங்களும், சிரித்தபடி படமெடுத்துக்கொண்ட சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள்.

மூடிய நாடுகளின் அரசியலைக் கணிப்பதற்குப் பழைய வழிகள் உண்டு. மாஸ்கோவின் செஞ்சதுக்க அணிவகுப்பில் எந்தத் தலைவர் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. தேடுபொறி வந்தபிறகு அந்த வேலை வெளிநாட்டிலிருந்தே எவரும் செய்யக்கூடியதாயிற்று. பார்க்க வேண்டியது வரும் முடிவுகளை அல்ல, வராமல் போனவற்றை.

இந்த வேலை முறையாகத் தொடங்கியது 2002இல். ஹார்வர்டைச் சேர்ந்த ஜொனாதன் ஜிட்ரெயினும் பெஞ்சமின் எடெல்மனும் கூகுளின் ஜெர்மானிய, பிரெஞ்சுத் தளங்களை அமெரிக்கத் தளத்தோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் விடுபட்டிருந்தன. பெரும்பாலும் நாஜி ஆதரவு, யூத வெறுப்பு, வெள்ளையின ஆதிக்கம் பேசுபவை. நீக்கம் என்றாலே கொடுங்கோல் என்று பொருள் கொண்டுவிட முடியாது என்பதை முதல் ஆய்வே காட்டிவிட்டது. ஜெர்மனி தன் பழைய குற்றம் திரும்பக் கூடாது என்று நீக்கியது. சீனா தன் குற்றம் நினைவில் இருக்கக் கூடாது என்று நீக்கியது. இந்த வேறுபாட்டை மறந்து எண்ணிக்கையை மட்டும் அடுக்குபவர் தவறான முடிவுக்கே வருவார்.

சீனக் கதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகம் 2008இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட், சீனாவின் பைடு ஆகிய நான்கின் தேடலையும் சோதித்தது. ஒன்று மறைத்ததை மற்றொன்று காட்டியது. எதை நீக்குவது என்பதை நிறுவனங்களும் தாமாகவே ஊகித்து முடிவு செய்திருக்கின்றன என்பது தெரிந்தது. ஆக, காலியான பக்கம் அரசின் கட்டளையாகவும் இருக்கலாம், பயந்துபோன ஒரு நிறுவனத்தின் முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். அந்தப் பயமும் நாட்டு நிலவரத்தின் ஒரு பகுதிதான்.

2010 மார்ச்சில் கூகுள் தன் சீனத் தேடலை ஹாங்காங்குக்கு மாற்றியது. அதற்குள் ஆய்வாளர்களின் கவனம் 2009இல் தொடங்கிய வெய்போ என்ற சீனச் சமூக வலைதளத்தின் தேடல் பெட்டிக்கு நகரத் தொடங்கியிருந்தது. சட்டப்படி முடிவுகளைக் காட்ட இயலாது என்று அது வெளிப்படையாகவே அறிவிக்கும். ஜேசன் இங் என்ற ஆய்வாளர் சீன விக்கிபீடியாவின் ஏறத்தாழ 7 லட்சம் தலைப்புகளை நிரல் எழுதி அதில் தேடவைத்து, தடைபட்ட சொற்களைப் பிரித்தெடுத்தார். 2013இல் அது புத்தகமாகவே வந்தது.

தடைகள் மாறும் வேகம்தான் இதில் கவனிக்க வேண்டியது. 2011 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜியாங் ஜெமின் இறந்துவிட்டதாக வதந்தி பரவியபோது, ‘ஆறு’ என்று பொருள்படும் அவருடைய குடும்பப்பெயர் எழுத்தே வெய்போவில் தடைபட்டது. ஆறுகளைப் பற்றித் தேடியவர்களுக்கும் அதே அறிவிப்புதான். 2013இல் தியானன்மென் ஒடுக்குமுறையின் நினைவு நாளான ஜூன் 4 நெருங்கியபோது, அந்தத் தனி மனிதரின் படத்தில் டாங்கிகள் இருந்த இடத்தில் பெரிய மஞ்சள் ரப்பர் வாத்துகளை ஒட்டிய படம் ஒன்று சுற்றியது. ‘பெரிய மஞ்சள் வாத்து’ம் தடைப்பட்டியலில் சேர்ந்தது. 24 ஆண்டுகள் கழிந்தும் அந்த ஒரு நாள் அரசை எவ்வளவு உறுத்தியது என்பதை எந்த அதிகாரபூர்வ அறிக்கையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

2023இல் சிட்டிசன் லேப் மீண்டும் கணக்கெடுத்தது. சீனாவிலிருந்து பயன்படுத்தக்கூடிய எட்டுத் தளங்களின் தேடலில் 60,000க்கும் மேற்பட்ட தணிக்கை விதிகள் கிடைத்தன. அவற்றில் அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்டின் பிங், அரசியல் தேடல்களில் சீனாவின் பைடுவைவிடப் பரந்த அளவில் முடிவுகளை மறைத்தது.