ஆடு கொடுத்தார்கள், மேய்ச்சலைக் கொடுக்கவில்லை



கால்நடை வளர்ச்சித் திட்டங்களில் நமக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு: பயனாளி. தடுப்பூசி கால்நடைத்துறையின் பொறுப்பு. காட்டின் எல்லை வனத்துறையின் பொறுப்பு. ஆடு எங்கே மேயும் என்பது மட்டும் யாருடைய பொறுப்பும் அல்ல. இந்த நிலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காப்புக்காடு அறிவிக்கும் முன் உரிமை கோர அவகாசம் கொடுத்தது. கோரப்படாத உரிமை அற்றுப்போகும் என்றது. கிராமக் கணக்கில் பெயரே இல்லாத பண்ணையாள் எந்த அதிகாரி முன் போய் நின்றிருக்க முடியும்? 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலமும் பெரும்பாலும் நம் கையைவிட்டுப் போயிற்று. புறம்போக்கும் சுருங்கியது. காட்டோரச் சேரியின் ஆடுகளுக்குக் காட்டின் விளிம்பே மிஞ்சியது.

2011இல் தமிழக அரசு நிலமற்ற ஏழைக் குடும்பத்துக்கு 4 விலையில்லா ஆடுகள் கொடுத்தது. நிலமின்மையே தகுதி; ஆனால் அந்த ஆடுகள் மேய நிலம் எங்கே என்ற கேள்விக்குத் திட்டத்தில் பதில் இல்லை. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்தது. பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது.

அளவுமீறிய மேய்ச்சல் காட்டைக் கெடுக்கும், கால்நடை நோய் காட்டு விலங்குக்குப் பரவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமே அதற்கு வழி சொல்கிறது. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வனவுயிர்க் காப்பாளரின் கடமை. தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்தில் மேய்க்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. தேசியப் பூங்காவில் மேய்ச்சலே கூடாது என்ற அதே சட்டம், சரணாலயத்தில் அதை ஒழுங்குபடுத்தவும் இடம் வைத்திருக்கிறது. கடமையைச் செய்யாத துறையைக் கேட்க ஆளில்லை. ஆட்டை ஓட்டிப்போன பெண்ணுக்கு அபராதம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்றே பெயர் சொல்லி ஏற்கிறது. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்டவரிடம் எழுத்துச் சான்று கேட்பது கொடுமைதான். ஆனாலும் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிவைத்தால் அதுவும் சான்று என்கின்றன விதிகள். பழைய மேய்ச்சல் அனுமதிச் சீட்டும் அபராத ரசீதும்கூட நாம் அங்கே இருந்ததைச் சொல்லும்.

1882இல் கேட்க முடியாததால் இழந்தோம். இன்று கேட்கும் இடம் கிராமசபை. காட்டோர ஊர்களுக்குச் செல்லும் மாணவர்கள் முதலில் பாட்டிகளின் வாக்குமூலங்களை எழுதி வாங்குங்கள். பயனாளி என்ற பெயரை உரிமையாளர் என்று திருத்தும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.