கறவை மாடுகளின் பெற்றோர்மை அறிதல்

கறவை மாடுகளின் பெற்றோர்மை அறிதல் என்பது, ஒரு கன்றின் தாய், தந்தை எனப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட விலங்குகள் உண்மையான பெற்றோர்தாமா என்பதைக் மரபுவழிக் குறிகளைக் கொண்டு சரிபார்க்கும் முறையாகும்.

தேவை

ஒரு பொலிகாளையின் தரத்தை மதிப்பிட அதன் மகள்களின் பால் அளவும் பயன்படுத்தப்படுகிறது. தந்தை தவறாகப் பதியப்பட்டால் இம்மதிப்பீடு பிழையாகி, தரம் குறைந்த காளை இனவிருத்திக்குத் தெரிவு செய்யப்படக்கூடும். பசுவின் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. அடுத்தடுத்த இரு பருவங்களில் வெவ்வேறு காளைகளின் விந்து செலுத்தப்பட்டால், கன்று ஈன்ற நாளைக் கொண்டு மட்டும் தந்தையை உறுதியாகக் கூற இயலாது.

குருதி வகைகள்

மாடுகளில் 11 குருதி வகைத் தொகுதிகள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பி தொகுதி நூற்றுக்கணக்கான மாற்றுருக்களைக் கொண்டது. எனவே தொடர்பற்ற இரு மாடுகளின் குருதி வகை முற்றிலும் ஒத்திருப்பது மிக அரிது.

மாட்டின் சிவப்பணுக்கள் மனிதச் சிவப்பணுக்களைப் போல எளிதில் ஒட்டித் திரள்வதில்லை. ஆகவே சிவப்பணுச் சிதைவுச் சோதனை பயன்படுத்தப்பட்டது. கழுவிய சிவப்பணுக்களுடன் குறிப்பிட்ட பிறபொருளெதிரி உள்ள சீரமும், முயலின் சீரமும் சேர்க்கப்படும். தேடும் காரணி இருந்தால் அணுக்கள் உடைந்து கரைசல் சிவப்பாகும்.

முடிவு காணும் முறை

கன்றிடம் உள்ள ஒவ்வொரு காரணியும் பெற்றோருள் ஒருவரிடமாவது இருத்தல் வேண்டும். தாயிடமும் கூறப்படும் தந்தையிடமும் இல்லாத காரணி கன்றிடம் காணப்பட்டால், தாய் ஐயத்திற்கு இடமற்றதாயின், அக்காளை தந்தையன்று. முரண்பாடு காணப்படாவிடின் அக்காளை தந்தையாக இருக்கக்கூடும் என்று மட்டுமே கொள்ளலாம். நெருங்கிய உறவுடைய காளைகளைப் பிரித்தறிவது கடினம்.

இரட்டைக் கன்றுகள்

1945 இல் அமெரிக்க அறிவியலாளர் ரே ஓவன், மாட்டின் இரட்டைக் கன்றுகள் பலவற்றில் இருவகைச் சிவப்பணுக்கள் கலந்திருப்பதை வெளியிட்டார். கருப்பையில் இரு கன்றுகளின் குருதிக்குழாய்கள் இணைவதே இதற்குக் காரணம். காளைக்கன்றுடன் பிறக்கும் கிடாரி பெரும்பாலும் மலடாவதும் இவ்விணைப்பின் விளைவே. இரட்டையராகப் பிறந்த மாடுகளின் குருதிச் சோதனையை இக்கலப்பு குழப்பக்கூடும். இக்கண்டுபிடிப்பு, 1960 இல் நோபல் பரிசு பெற்ற நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை ஆய்வுகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

பிற்கால முறைகள்

1990களில் மைக்ரோசாட்டிலைட் எனப்படும் டி.என்.ஏ குறிகள் குருதி வகைச் சோதனையின் இடத்தைப் பிடித்தன. பின்னர் ஒற்றை எழுத்து வேறுபாடுகளை ஆராயும் முறை பரவியது. இவற்றுக்கு வால்மயிரின் வேர் போதுமானது. மயிர் வேரில் குருதிக் கலப்பின் தாக்கம் குறைவு என்பதால், இரட்டைக் கன்றுகளுக்கும் இது ஏற்றதாகும்.