வளரி, கட்டாரி, பஞ்சுக் கவசம்: பழைய போர்க்கருவிகளை நாமே செய்து பார்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

ராஜாக்கள் கதை சொல்லும் படம் ஒன்று ரிலீஸ் ஆனால் போதும். அடுத்த வாரமே வாள், கேடயம், கவசத்தோடு ரீல்ஸ் வரத் தொடங்கிவிடும். சிலர் அட்டையில் செய்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், பட்டறையில் இரும்பிலேயே அடித்து வாங்க நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழங்கால ஆயுதம், கவசம், உடை ஆகியவற்றை ஆதாரம் பார்த்து மீண்டும் செய்வது உலகம் முழுக்க உள்ள ஒரு பொழுதுபோக்கு. திருநகர் போன்ற மதுரைப் பகுதியில் இருப்பவர் இதில் இறங்க நினைத்தால் எதைச் செய்யலாம், எங்கே போய்ப் பார்க்கலாம், எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன பொழுதுபோக்கு?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரில், 1966-ல் சில நண்பர்கள் சேர்ந்து இடைக்கால ஐரோப்பிய உடை அணிந்து ஒரு போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்' என்ற அமைப்பு. இன்று பல நாடுகளில் இதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களே உடை தைப்பார்கள், இரும்பு வளையங்களைக் கோத்துச் சங்கிலிக் கவசம் செய்வார்கள், பிரம்பு வாளால் மோதிக்கொள்வார்கள்.

இந்த வெளிநாட்டு ஆர்வலர்கள் வாங்கும் வாள், கவசங்களில் இந்தியாவில் செய்தவையும் உண்டு. உத்தராகண்ட் மாநிலம் டேராடூனில் 1943-ல் தொடங்கப்பட்ட விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் நிறுவனம், ஐரோப்பிய பாணி வாள்களைச் செய்து ஏற்றுமதி செய்கிறது.

ஆக, ஐரோப்பிய வீரனின் வாள் இந்தியாவில் தயாராகிறது. நம் ஊர் வீரன் என்ன வைத்திருந்தான் என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சினிமாவில் வருவது போலத்தான் கவசம் இருந்ததா?

படங்களில் வரும் சோழ, பாண்டிய வீரர்கள் பெரும்பாலும் மார்பில் உலோகத் தகடு கட்டியிருப்பார்கள். ஆனால் நம்மிடம் உள்ள ஆதாரங்கள் காட்டும் படம் வேறு.

செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பார்த்தால், வீரர்கள் மேலாடை இல்லாமல், இடையில் கச்சை கட்டி, கையில் வில் அல்லது வாள், இடுப்பில் குறுவாளோடுதான் பெரும்பாலும் நிற்கிறார்கள். கவசம் என்ற பொருளே தமிழனுக்குத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. 'மெய்ம்மறை' என்ற சொல் பதிற்றுப்பத்திலேயே வருகிறது. சங்க இலக்கியத்தில் 'தோல்' என்றால் கேடயம் என்றும் பொருள் உண்டு. எதனால் செய்தார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பிற்காலத்துக்கு இன்னும் தெளிவான குறிப்பு கிடைக்கிறது. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அங்கே பார்த்த வீரர்களின் உடையை விவரித்திருக்கிறார். அடுக்கடுக்காக வைத்துத் தைத்த தடித்த அங்கிகள், சிலவற்றில் தோல் அடுக்கும் இரும்புத் தகடும், கழுத்தை மறைக்கும் தலைக்கவசம் என்று அவர் பட்டியல் போடுகிறார். மதுரை நாயக்கர்கள் அந்த விஜயநகரத்தின் ஆளுநர்களாக இருந்து அரசர்களானவர்கள் என்பதால், இந்தக் குறிப்பு நமக்கும் முக்கியம்.

துணி எப்படிக் கவசம் ஆகும்?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. ஒரு துணியைக் கத்தி எளிதாகக் கிழித்துவிடும். ஆனால் 20, 25 அடுக்கை ஒன்றாக இறுக்கித் தைத்துவிட்டால் கதை மாறும். வெட்டு ஒவ்வொரு அடுக்காகத் தாண்ட வேண்டும். அடியின் வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். 15-ம் நூற்றாண்டு பிரான்ஸ் மன்னர் 11-ம் லூயியின் அரசாணை, காலாட்படை வீரனின் அங்கிக்கு 25 முதல் 30 அடுக்கு துணி வேண்டும் என்றே சொன்னது.

மதுரை வெயிலில் இரும்புத் தகடு மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தாலே, துணிக் கவசம் இங்கே ஏன் எடுபட்டது என்பது புரிந்துவிடும். ஆரம்பிப்பவர்களுக்கும் இதுதான் சரியான முதல் வேலை. காடா துணி, கெட்டி நூல், கோணி ஊசி இருந்தால் போதும். அடுக்குகள் நகராமல் இருக்க, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வரி என்று நேர்கோட்டில் தையல் போட வேண்டும். தையல் மெஷினில் அத்தனை அடுக்கு ஓடாது. மெத்தை தைப்பவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். துணிக் கவசம் செய்வதற்குச் சட்டச் சிக்கலும் இல்லை.

வளரி: மதுரை, சிவகங்கைச் சீமையின் ஆயுதம்

இந்தப் பகுதிக்கே உரிய ஆயுதம் வளரி. பிறை வடிவம். ஒரு முனை கனமாகவும் மறுமுனை லேசாகவும் இருக்கும். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி எறிவார்கள். கெட்டியான மரத்தில் செய்வது வழக்கம், இரும்பிலும் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய பூமராங் போல எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வளரி, குறிவைத்த இடத்தில் போய் அடிப்பதற்கான கருவி.

சிவகங்கையின் சின்ன மருது இதில் கைதேர்ந்தவர். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ், 1801 போரில் மருது சகோதரர்களுக்கு எதிரான படையில் இருந்தார் என்பது வரலாற்றின் கசப்பான பக்கம்.

1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில், டிசம்பர் 1-ல், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. ஆயுதம் போனதோடு அதைச் செய்யத் தெரிந்தவர், வீசத் தெரிந்தவர் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போனது. கள்ளர் சமூகத் திருமணங்களில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததை 19-ம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. போர்க்களத்தை விட்டுப் போன ஆயுதம், சடங்கில் மட்டும் கொஞ்ச காலம் தங்கியிருந்தது.

இன்று யாராவது வளரி செய்து எறிந்து பார்க்கிறார் என்றால், இரு நூற்றாண்டுக்கு முன் அறுந்துபோன ஒரு கைப்பழக்கத்தைத் தேடுகிறார் என்றுதான் பொருள். எவ்வளவு எடை, எவ்வளவு வளைவு, எந்தக் கோணத்தில் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதையெல்லாம் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆதாரத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

கூகுள் படத்தை நம்பிச் செய்வதைவிட, நேரில் பார்த்து அளவு குறித்துக்கொள்வது நல்லது.

* புதுமண்டபம், மதுரை: மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் (1623-1659) கட்டியது. இங்கே 10 நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் இருக்கின்றன. கொசுவம் வைத்த இடையாடை, அணிகலன், இடையில் செருகிய கட்டாரி என்று கல்லிலேயே ஒரு டிசைன் புத்தகம். கட்டாரி என்பது முஷ்டியால் பிடித்துக் குத்தும் குறுவாள்.

* ராமலிங்க விலாசம், ராமநாதபுரம்: சேதுபதிகளின் அரண்மனை. இதன் 18-ம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் தஞ்சை மராத்தியருடன் நடந்த போர்க் காட்சிகள் உண்டு. வீரர்களின் உடை, தலைப்பாகை, ஆயுதங்களை வண்ணத்தில் பார்க்க முடியும்.

* அரசு அருங்காட்சியகம், எழும்பூர்: ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த இரும்பு ஆயுதங்கள் இங்கே இருக்கின்றன. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை 1860-களில் கலைக்கப்பட்டபோது நல்ல வேலைப்பாடு உள்ளவை இங்கே வந்தன. மீதி பல பழைய இரும்பாகப் போய்விட்டன. தஞ்சையில் இருந்து வந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையில் இருந்து வந்த மர வளரிகளும் இந்தத் தொகுப்பில் பதிவாகியுள்ளன.

* திருவரங்கம் சேஷராயர் மண்டபம்: பாயும் குதிரை மீது இருக்கும் வீரர்கள், கீழே வாளும் கேடயமும் ஏந்திய காலாட்கள். ஆயுதத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஏற்ற இடம்.

உடை: மதுரை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை

பழைய உடையை மீண்டும் தைத்து அணிவது மதுரைக்குப் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது, பக்தர்கள் கருப்பசாமி வேடமிட்டு, சல்லடம், கச்சை, உருமால் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுவார்கள். இந்த உடைகளைத் தலைமுறைகளாகத் தைத்துக்கொடுத்தவர்கள் புதுமண்டபத்துத் தையல்காரர்கள். மண்டபத்தைப் பழையபடி காட்சிக்கு வைப்பதற்காக, அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.

'எது அசல்?' என்ற சண்டையும் இங்கே உண்டு. பிரஷர் பம்ப் வைத்துத் தண்ணீர் அடிப்பது பெருகியதால் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பாரம்பரியத் தோல் பை முறையில்தான் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் படிக்காமல் பட்டறைக்குப் போக வேண்டாம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமானது அல்ல. கூர்மையான ஆயுதங்களும் அதில் வரும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குறுவாள், ஈட்டி, போர்க் கோடரி ஆகியவையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் இருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அரிவாளுக்கு அனுமதி, பட்டாக்கத்திக்கு இல்லை என்பதன் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட ஆயுதங்களைத் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் தேவை. வைத்திருப்பதற்கான கட்டுப்பாடு, அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளைப் பொறுத்தது. மீறினால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

'முனை மழுங்கியதுதானே, சும்மா ஷோவுக்கு' என்றால்? பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, நிஜ ஆயுதமாக மாற்றவே முடியாத பொருளுக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது. சாணை பிடித்தால் கூராகிவிடும் இரும்பு வாள் இந்த விலக்குக்குள் வரும் என்று நம்பி இறங்க முடியாது. மரம், ரப்பர், ஃபோம் என்றால் கவலை குறைவு.

திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கலாமா? மதுரைக்குப் பக்கத்தில் அரிவாளுக்குப் பெயர்போன ஊர் அது. கருப்பசாமி, அய்யனார் கோயில்களுக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் பெரிய அரிவாள்களும் அங்கே தயாராகின்றன. ஆனால் வாங்குபவரின் பெயர், முகவரி, எதற்கு என்ற விவரங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்று தமிழக காவல்துறை 2021-ல் பட்டறைக்காரர்களை அறிவுறுத்தியது. 'ராஜா காலத்து வாள் ஒன்று அடிச்சுக் கொடுங்கண்ணே' என்று கேட்டால், சிக்கலில் மாட்டுவது கேட்டவர் மட்டுமல்ல, அடித்துக் கொடுத்தவரும்தான். அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

வீடியோ போடலாமா? பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டவர்கள் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன. கையில் இருப்பது வரலாற்று மாதிரியா, ரவுடி கத்தியா என்பது 30 விநாடி ரீல்ஸில் தெரியாது.

மான் கொம்பு, தந்தம் பயன்படுத்தலாமா? கூடாது. சிலம்பத்தில் 'மடு' என்ற மான் கொம்பு ஆயுதம் பழைய வழக்கம். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்தம், மான் கொம்பு, புலி நகம் வாங்கி விற்பது குற்றம். மரத்தில் செதுக்கி வர்ணம் பூசுவதே வழி.

பழைய வாள் கிடைத்தால்? நிலத்தில் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றால், 1878-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டுக்கு மேல் பழமையான பொருள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தில் வரும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அதில் இருக்கும் எழுத்தும் முத்திரையும் அதோடு போய்விடும்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

1. காலத்தையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். 8-ம் நூற்றாண்டுப் பாண்டிய வீரனுக்கு 17-ம் நூற்றாண்டு நாயக்கர் கட்டாரி கொடுத்தால் பொருந்தாது.
2. உடை, துணிக் கவசம், மரக் கேடயம் என்று வரிசையாகப் போங்கள். இரும்பு கடைசி.
3. இரும்பில்தான் செய்ய வேண்டும் என்றால், முன்கூட்டியே உரிமம் பற்றி விசாரியுங்கள். திருநகர் உட்பட மதுரை மாநகரப் பகுதிக்கு மாநகர காவல் ஆணையர் அலுவலகம்.
4. வளரியை மரத்தில், விளிம்பு மழுக்கிச் செய்யுங்கள். ஆளும் மாடும் இல்லாத திறந்தவெளியில் மட்டும் எறியுங்கள். தெருவிலும் மொட்டை மாடியிலும் வேண்டவே வேண்டாம்.
5. ஆயுதப் பயிற்சிக்குச் சிலம்ப ஆசானிடம் போங்கள். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. முறையாகக் கற்க இன்று வழி இருக்கிறது.
6. செய்த பொருளின் எடை, அளவு, எந்தச் சிலையைப் பார்த்துச் செய்தது என்பதையெல்லாம் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து செய்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.